ஸ்பிரிங்கா, ஷாக்கா, காயில்ஓவரா: பாண்டி–கடலூர் ரோட்டுல ஓடுற வண்டிக்கு எது சரி?

போன ஒரு மாசத்துல மூணு பேரு என்கிட்ட ஒரே கேள்விய கேட்டுட்டாங்க. ஒருத்தர் மஞ்சக்குப்பத்து தம்பி, விர்டஸ் ஜிடி 1.5 வெச்சிருக்காரு. இன்னொருத்தர் லாஸ்பேட்டை, ஐ20 என் லைன். மூணாவது ஆளு முருங்கப்பாக்கம், செகண்ட் ஹேண்ட்ல ஒரு போலோ ஜிடி டிஎஸ்ஐ எடுத்திருக்காரு, 80 ஆயிரம் கிலோமீட்டர் ஓடின வண்டி. கேள்வி என்னன்னா, "அண்ணே, எஞ்சின் நல்லா இழுக்குது, ஆனா வளைவுல வண்டி சாயுது, வேகத்துல ஒரு மேடு வந்தா மிதக்குது, என்ன போடலாம்? லோயரிங் ஸ்பிரிங் போதுமா, ஷாக் மாத்தணுமா, இல்ல ஒரேடியா காயில்ஓவரே போட்டுடலாமா?"

ஃபோன்ல சொன்னா பாதிதான் போய்ச் சேருது, அதுவும் அவங்கவங்களுக்குப் பிடிச்ச பாதி. அதனால உக்காந்து எழுதிட்டேன். லோயரிங் ஸ்பிரிங்னா வண்டியோட உயரத்தக் கொறைக்கற ஸ்பிரிங், ஷாக்னா ஸ்பிரிங்கோட ஆட்டத்த அடக்கற பார்ட், காயில்ஓவர்னா உயரம் மாத்தற மாதிரி ரெண்டும் சேந்தே வர்ற செட். நீளமாதான் இருக்கும், லட்சக் கணக்குல காசு போடப்போற விஷயம், பொறுமையா படிங்க.

## மொதல்ல எதை வெச்சு எடை போடணும்

ஹேண்ட்லிங்னா வண்டி சாயாம இருக்கறதுன்னு நிறைய பேரு நெனைக்கிறாங்க, ஏன்னா சாயறதுதான் உள்ள உக்காந்திருக்கற நமக்குத் தெரியுது. ஆனா வண்டிய வளைவுல பிடிச்சு நிறுத்துறது ரோட்டத் தொட்டுக்கிட்டு இருக்கற அந்த நாலு துண்டு ரப்பர்தான். சஸ்பென்ஷனோட முக்கியமான வேலை அந்த ரப்பர ரோட்டுலயே அழுத்தி வெக்கிறது, சாய்வைக் குறைக்கறதெல்லாம் அதுக்கு அப்புறம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 1,250 கிலோ வண்டி, சென்டர் ஆஃப் கிராவிட்டி (எடையோட மையப்புள்ளி) தரைல இருந்து 55 செ.மீ. உயரத்துல இருக்கு, ரெண்டு டயருக்கு நடுவுல ஒன்றரை மீட்டர்னு வெச்சுக்குவோம். 0.8 ஜி-ல (பக்கவாட்டுல வண்டி எடைல 0.8 பங்கு விசை) வளைஞ்சா உள்பக்க டயர்ல இருந்து வெளிப்பக்க டயருக்கு 365 கிலோ கிட்ட எடை மாறும். நீங்க எவ்வளவு கெட்டி ஸ்பிரிங் போட்டாலும் இந்த 365 மாறாது. வண்டிய 3 செ.மீ. எறக்கினா 345 சொச்சம் ஆகும், அதாவது 5 சதவீதம் கொறையுது, அவ்வளவுதான். அந்த 5 சதவீதத்துக்காக நீங்க என்னத்த விட்டுக்குடுக்கறீங்கன்றதுதான் இந்தக் கட்டுரை முழுக்க.

நான் பாக்கற விஷயங்கள் இதுதான்:

- மோசமான ரோட்டுல, வளைவுக்கு நடுவுல ஒரு பள்ளம் வந்தா டயர் ரோட்டப் பிடிச்சிருக்குமா
- சஸ்பென்ஷன் மேல ஏற, கீழ எறங்க எவ்வளவு இடம் மிச்சம் இருக்கு, நாலு பேரும் லக்கேஜும் ஏத்தினதுக்கு அப்புறம்
- கடலோர உப்புக்காத்துக்கும் மழைத்தண்ணிக்கும் எத்தனை வருஷம் தாங்கும்
- பில்லுல வராத செலவு
- சட்டம், இன்சூரன்ஸ், வாரண்டி
- பிடிக்கலன்னா பழையபடி மாத்த முடியுமா

நம்ம ரோடு எதுன்னும் சொல்லிடணும், ஏன்னா ஜெர்மன்காரன் மலைப்பாதைல ஓட்டிட்டு எழுதினத படிச்சிட்டு இங்க பார்ட் வாங்குறோம். மரப்பாலத்துல கெளம்பி அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், முள்ளோடை தாண்டி ரெட்டிச்சாவடி, தென்பெண்ணைப் பாலம் ஏறி மஞ்சக்குப்பம் வர்ற வரைக்கும் 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலதான், ஆனா அதுக்குள்ள ஊருக்கு ஊரு ஸ்பீடு பிரேக்கர், பாதிக்கு மேல பெயின்ட்டே இல்லாதது. அந்தப் பக்கம் காலாப்பட்டு தாண்டி ஈசிஆர்ல மரக்காணம் போனா ரோடு நல்லா இருக்கும், வேகம் தானா ஏறும், பாலத்து ஜாயின்ட் வர்ற எடத்துலதான் வண்டி தூக்கும். வடலூர், நெய்வேலி பக்கம் கனரக லாரி ஓடி ரோட்டுல தடம் விழுந்திருக்கும். மலைன்னா நமக்கு ஏற்காடு, 20 ஹேர்பின். ஆசை இருந்தா கொல்லிமலை, 70. டிராக்னா இருங்காட்டுக்கோட்டை. இதுல வருஷம் முழுக்க நீங்க எதுல அதிகம் ஓட்டறீங்கன்னு உண்மையா எழுதி வெச்சுக்கிட்டு மேல படிங்க.

## ஒண்ணும் புதுசா போடாம, இருக்கறத சரி பண்றது

யாரும் இதை ஒரு ஆப்ஷனாவே எடுத்துக்கறது இல்ல, பேஸ்புக்ல போட்டோ போட ஒண்ணும் இருக்காதே. ஆனா முருங்கப்பாக்கம் அண்ணனோட வண்டிக்கு இதுதான் பதில், நான் அவர்கிட்ட நேராவே சொல்லிட்டேன்.

80 ஆயிரம் ஓடின வண்டில லோயர் ஆர்ம் (வீல பாடியோட இணைக்கற கை) புஷ் ரப்பர் வெடிச்சிருக்கும், ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேந்த கால்) மவுண்ட் உக்காந்திருக்கும், லிங்க் ராட்ல லூஸ் ஆட்டம் இருக்கும், ஷாக்ல லேசா ஆயில் வேர்த்திருக்கும். இதுல ஒவ்வொண்ணும் தனியா பாத்தா சின்னது. எல்லாம் சேர்ந்தா நீங்க ஸ்டியரிங் திருப்பினதுக்கு அப்புறம் ஒரு நொடி கழிச்சுதான் வண்டி முடிவெடுக்கும். இதுமேல புது காயில்ஓவர் போட்டா என்ன ஆகும்னா, கெட்டியான ஸ்பிரிங் அந்தத் தளர்ந்த புஷ்ஷ இன்னும் வேகமா கிழிக்கும். புது வேட்டி கட்டிக்கிட்டு கிழிஞ்ச செருப்போட கல்யாணத்துக்குப் போன மாதிரி.

டயரும் இதுலதான் சேரும். அஞ்சு வருஷம் ஆன, ரப்பர் கெட்டியாகிப் போன டயர வெச்சுக்கிட்டு சஸ்பென்ஷன் பத்திப் பேசறதுல அர்த்தமே இல்ல. விர்டஸ் ஜிடிக்கு 205/55 ஆர்16 சைஸ், அதுல பைலட் ஸ்போர்ட் 4 மாதிரி ஒரு நல்ல கிரிப் டயர் போட்டா வர்ற வித்தியாசம் லோயரிங் ஸ்பிரிங் போட்டா வராது, நான் அடிச்சுச் சொல்லுவேன். மழைல நிக்கிற தூரமும் கொறையும், நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகைக்கு அதுவே போதும்.

இதுல ஒளிஞ்சிருக்கற செலவு ஒண்ணே ஒண்ணு, வேலை செய்யற விதம். ரப்பர் புஷ் போல்ட்ட கடைசியா டைட் பண்ணும்போது வண்டியோட எடை வீல் மேல இருக்கணும். லிஃப்ட்ல தூக்கி வீல் தொங்கிக்கிட்டு இருக்கும்போது முழுசா டைட் பண்ணி எறக்கினா, புது புஷ் மொத நாள்ல இருந்தே முறுக்கின நெலமைல நிக்கும், சில மாசத்துலயே கிழியும். வேலை ஆகும்போது பக்கத்துல நின்னு கேளுங்க, கோவிச்சுக்கிட்டா பரவால்ல.

## லோயரிங் ஸ்பிரிங் மட்டும்

அதிகம் பேரு போடறது இதுதான், வெலையும் கம்மி, வண்டியும் பாக்க அழகாயிடும். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல இருக்கற அந்த காலி எடம் கண்ண உறுத்தறது எனக்கும் தெரியும். நானும் என் பழைய போலோ ஜிடில இதைத்தான் மொதல்ல போட்டேன். ஸ்டாக் ஷாக், அதாவது கம்பெனில இருந்து வந்ததே, கூட 35 மி.மீ. எறக்கற ஸ்பிரிங். போட்ட கடைல "ஷாக் எல்லாம் தாங்கும் சார், ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னாங்க, நானும் நம்பினேன். மொத வாரம் சந்தோஷம். ரெண்டாவது வாரம் குடும்பத்தோட கடலூர் போறேன், கிருமாம்பாக்கத்துக்கிட்ட ஒரு பிரேக்கர் பாக்காம ஏறி எறங்கினப்ப பின்னாடி "டொம்"முனு ஒரு சத்தம், அம்மாவுக்கு இடுப்புல பிடிச்சுக்கிச்சு. ஒரு வருஷம் முடியறதுக்குள்ள முன்னாடி ரெண்டு ஷாக்கும் ஆயில் கக்கிடுச்சு.

ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சுக்கிட்டேன். ஸ்டாக்ல வீல் மேல ஏற பம்ப் ஸ்டாப்பர் (கடைசில தட்டற ரப்பர்) வரைக்கும் 7 செ.மீ. இடம் இருக்குன்னு வெச்சுக்குங்க. 3 செ.மீ. எறக்கிட்டா மிச்சம் 4. அதே மேட்டோட அடிய 7-க்கு பதிலா 4 செ.மீ.க்குள்ள ஸ்பிரிங் வாங்கி முடிக்கணும்னா அது மூணு மடங்கு கெட்டியா இருக்கணும், ஏன்னா ஸ்பிரிங் வாங்கற சக்தி அமுங்கற தூரத்தோட வர்க்கத்துல போகுது. ஆனா கடைல கெடைக்கிற லோயரிங் ஸ்பிரிங் ஸ்டாக்க விட ஏதோ கால் பங்கு கெட்டியா இருக்கும். அப்ப மிச்ச அடி எங்க போகும்? பம்ப் ஸ்டாப்பருக்கு, அப்புறம் ஸ்ட்ரட் மவுண்ட்டுக்கு, அப்புறம் உங்க முதுகெலும்புக்கு.

நேர் ரோட்டுல தட்டினா வலி மட்டும்தான். வளைவுல தட்டினா ஆபத்து. வெளிப்பக்கச் சக்கரம் பம்ப் ஸ்டாப்பர்ல உக்காந்த அந்த நொடில ஸ்பிரிங் திடீர்னு கல்லு மாதிரி ஆகும், அந்த டயரால அவ்வளவு சுமைய தாங்க முடியாது, முன்னாடி உக்காந்தா வண்டி நேரா வெளிய ஓடும், பின்னாடி உக்காந்தா வால் வீசும்.

இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. நம்ம வண்டி எல்லாத்துலயும் முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். அதுல வண்டிய எறக்கும்போது லோயர் ஆர்ம் படுத்துடும், இன்னும் எறக்கினா வீல் பக்கம் மேல தூக்கிக்கும். அப்ப வண்டி எந்தப் புள்ளிய சுத்தி சாயுதோ அந்த ரோல் சென்டர், வண்டி எறங்கினத விட வேகமா கீழ எறங்கிடும். சாய வெக்கிற நெம்புகோல் நீளமாயிடுது. அதாவது எறக்கினதால கெடைக்க வேண்டிய லாபத்துல ஒரு பங்க அந்த நெம்புகோலே திருப்பி எடுத்துக்கும்.

விர்டஸ், ஸ்லாவியா வெச்சிருக்கறவங்க கூடுதலா ஒண்ணு கவனிக்கணும். இந்தியாவுக்குன்னு வண்டிய 179 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸுக்கு தூக்கி வெச்சிருக்காங்க, வேற நாட்டு மாடலுக்குப் போட்ட ஸ்பிரிங் உள்ள உக்காந்தாலும் பெட்டில போட்டிருக்கற 30 மி.மீ.க்கு மேல எறங்க வாய்ப்பு இருக்கு. பெட்டில இருக்கற நம்பர நம்பாதீங்க, இந்திய மாடலுக்குன்னு எழுதியிருக்கான்னு பாருங்க.

யாருக்கு சரி? பாண்டிக்குள்ளயும் ஈசிஆர்லயும் மட்டும் தனியாவோ ரெண்டு பேராவோ ஓட்டறவங்க, 15-20 மி.மீ.க்கு மேல எறக்காதவங்க, புது ஷாக் இருக்கற வண்டி. மத்தவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஸ்பிரிங்க வெட்டறதப் பத்தி கேக்கவே கேக்காதீங்க, வெட்டின ஸ்பிரிங் வீல் தொங்கும்போது அது உக்கார்ற எடத்த விட்டு நழுவும், அது உயிர் விஷயம்.

## ஸ்டாக் ஸ்பிரிங், நல்ல ஷாக்

என்னோட பதில் இதுதான், முருங்கப்பாக்கம் அண்ணனுக்கும் ஷாக் விஷயத்துல இதைத்தான் சொன்னேன்.

ஸ்பிரிங் ஒரு அடிய வாங்கி வெச்சுக்கும், ஆனா வாங்கினத திருப்பிக் குடுத்தே தீரும். அந்தத் திருப்பித் தர்றத சூடா மாத்தி அடக்கறது ஷாக்கோட வேலை. ஈசிஆர்ல பாலத்து ஜாயின்ட்ல ஏறி எறங்கினதுக்கு அப்புறம் வண்டி இன்னும் ரெண்டு தடவை ஊஞ்சலாடுதுன்னா ஸ்பிரிங் சரியாதான் இருக்கு, ஷாக்தான் பத்தல. "மிதக்குது"ன்னு சொல்றாங்க பாருங்க, அதுக்கு நேரடி மருந்து இதுதான். வளைவுக்குள்ள நுழையும்போது எவ்வளவு சாயும்ன்றது ஸ்பிரிங்கும் ஆன்டி ரோல் பாரும் (ரெண்டு பக்க வீலையும் இணைச்சு சாய்வைக் குறைக்கற கம்பி) முடிவு பண்றது, எவ்வளவு வேகமா சாயும்ன்றது ஷாக் முடிவு பண்றது, நம்ம கைக்கு ஸ்டியரிங்ல தெரியறது அந்த வேகம்தான். அதனாலதான் உயரம் ஒரு மி.மீ. கூட மாறாம வண்டி வேற வண்டி மாதிரி ஆயிடும்.

பில்ஸ்டீன் கம்பெனில பி6-ன்னு வர்றது ஸ்டாக் உயரத்துக்கானது, மோனோட்யூப். சாதாரண ட்வின் ட்யூப் ஷாக்ல ஆயிலும் காத்தும் ஒரே அறைக்குள்ள இருக்கும், விடாம அடி வாங்கினா நுரைச்சுப் போய் பிடி விட்டுடும். மோனோட்யூப்ல நடுவுல ஒரு தனி பிஸ்டன் வெச்சு காஸ பிரிச்சு அழுத்தத்துல வெச்சிருப்பாங்க, நுரைக்காது, சூடும் வெளி ட்யூப் வழியா நேரா வெளிய போகும். நெய்வேலி ரோட்டுல அரை மணி நேரம் ஓட்டினா இந்த வித்தியாசம் தெரியும். கோனி கம்பெனியோட ஸ்பெஷல் ஆக்டிவ் இன்னொரு வழி, சின்னச் சின்ன வேகமான அதிர்வுக்கு இளகி, பெரிய மெதுவான அசைவுக்கு இறுகற மாதிரி வால்வு வெச்சிருக்காங்க, குடும்ப வண்டிக்கு அது இன்னும் சுகம். ரெண்டும் எல்லா இந்திய மாடலுக்கும் கெடைக்கும்னு இல்ல, உங்க வண்டியோட விஐஎன் (சேசிஸ்) நம்பர குடுத்து பார்ட் நம்பர் கேட்டு வாங்குங்க.

ஒளிஞ்ச செலவு: ஸ்ட்ரட்ட கீழ எறக்கினதுக்கு அப்புறம் பழைய மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் பூட் இதையெல்லாம் திருப்பி மாட்டாதீங்க, ஆறு மாசத்துல மவுண்ட் சத்தம் போட்டா அதே லேபர் திருப்பி குடுக்கணும். அப்புறம் அலைன்மென்ட். மோனோட்யூப் சின்ன கல்லு, விரிசல் எல்லாத்தையும் கொஞ்சம் சொல்லும், மிஷன் வீதி மாதிரி எடத்துல மெதுவா போகும்போது ஸ்டாக்க விட லேசா உதறும். வேகம் ஏற ஏற சரியாயிடும்.

குறைன்னா, பாக்க வண்டில ஒண்ணுமே மாறியிருக்காது. ஃபெண்டர் இடைவெளி அப்படியேதான் இருக்கும். உயரம் கொறைஞ்சு அழகு வேணும்னு தோணினா 20-25 மி.மீ. எறக்கற ஐபாக் ப்ரோ கிட் மாதிரி ஒரு அளவான ஸ்பிரிங்கோட சேத்துப் போடலாம், ஆனா அப்ப ஷாக் பி8 எடுக்கணும், அது எறக்கின வண்டிக்குன்னே ராட் குட்டையா செஞ்சது. ரெண்டும் சேந்தே பி12-ன்னு ஒரே பெட்டியா வருது. இதுல முடிவ மொதல்லயே எடுத்துடுங்க. இன்னைக்கு பி6 வாங்கிட்டு நாளைக்கு எறக்கலாம்னு நெனைச்சா ரெண்டு தடவை காசு.

## காயில்ஓவர்

பேரைக் கேட்டாலே ஒரு ஆசை வருது, எனக்கும் வந்துச்சு. உயரத்த மரை திருகி ஏத்தி எறக்கலாம், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒருத்தருக்கு ஒருத்தர் பொருத்தமா செஞ்சு வருது, நல்ல செட்ல டேம்பிங்கும், அதாவது ஷாக் எவ்வளவு இறுக்கமா அடக்கணும்ன்றதும் மாத்தலாம். கேடபிள்யூ கம்பெனியோட வி1-ல உயரம் மட்டும், வி2-ல ரீபவுண்டும் (ஷாக் திரும்ப நீளும்போது அடக்கறது), வி3-ல ரீபவுண்ட், கம்ப்ரஷன் (அமுங்கும்போது அடக்கறது) ரெண்டும் மாத்தலாம். பில்ஸ்டீன்ல பி14 உயரம் மட்டும், பி16 டேம்பிங்கும் சேத்து.

மஞ்சக்குப்பம் தம்பி கேட்டது இதைத்தான். அவருகிட்ட நான் திருப்பிக் கேட்டேன், வருஷத்துக்கு எத்தனை தடவை இருங்காட்டுக்கோட்டை டிராக் போறீங்க? ஒரு தடவை கூட இன்னும் போனதில்ல, போகணும்னு ஆசைன்னாரு. அங்க 3.7 கிலோமீட்டர், 12 வளைவு, ரோடு மேசை மாதிரி, அங்க காயில்ஓவர் போட்ட வண்டி சொர்க்கம். வருஷத்துக்கு நாலு டிராக் டே போறவருக்கு நான் கண்ண மூடிக்கிட்டு இதைத்தான் சொல்லுவேன். ஆனா வீட்டுல இருந்து சிப்காட் வேலைக்கு தினம் போயிட்டு வர்ற ரோடு டிராக் இல்ல.

இதுல கெட்ட விஷயம் விலை கூட இல்ல, பராமரிப்பு. நம்ம ஊர்ல வெளிய நிக்கிற சைக்கிள் செயினு ஒரு மழைக்காலத்துல என்ன ஆகுதுன்னு பாருங்க. காயில்ஓவர் பாடில மரை வெளிய தெரிஞ்சுக்கிட்டு இருக்கும், அலுமினியம் காலர், ஸ்டீல் பாடி, நடுவுல உப்புத்தண்ணி, ரெண்டு உலோகமும் ஒண்ண ஒண்ணு அரிச்சு கொஞ்ச வருஷத்துல காலர் அப்படியே பிடிச்சுக்கும். உயரம் மாத்தலாம்னு காசு குடுத்து வாங்கினது அப்புறம் மாத்தவே முடியாது. தேவனாம்பட்டினம் பக்கமோ பீச் ரோடு பக்கமோ வீடு இருக்கறவங்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாடி இருக்கற செட்ட மட்டும் பாருங்க, கேடபிள்யூவோட ஐனாக்ஸ் லைன் அப்படிப்பட்டது. மத்ததுன்னா ஆறு மாசத்துக்கு ஒருக்கா கழுவி, பிரஷ் போட்டு, மரைக்கு காப்பர் கிரீஸோ வேக்ஸோ பூசணும். 2024 நவம்பர் கடைசில ஃபெங்கல் புயலப்ப பாண்டில முழங்காலுக்கு மேல தண்ணி நின்ன தெருவுல இருந்த வண்டிங்கள எல்லாம் நெனைச்சுப் பாருங்க.

அடுத்தது செட்டிங். 30 கிளிக் இருக்குன்னு பெருமையா சொல்லுவாங்க. தெரியாம ரீபவுண்ட அதிகமா இறுக்கி வெச்சா, வரிசையா மேடு வரும்போது வீல் கீழ எறங்கறதுக்குள்ள அடுத்த மேடு வந்துடும், வண்டி படிப்படியா கீழயே உக்காந்துக்கிட்டே போகும், கடைசில பம்ப் ஸ்டாப்பர்ல ஓடிக்கிட்டு இருப்பீங்க. மொத்தமா இளக்கி வெச்சுட்டு, ஒரே ரோட்டுல, ஒரு நேரத்துல ஒரு மாத்தம் மட்டும் பண்ணி, நோட்ல எழுதிக்கிட்டே போகணும். அந்தப் பொறுமை இருக்கறவங்களுக்கு இது நல்ல பள்ளிக்கூடம்.

விலை கம்மி காயில்ஓவரப் பத்தி ஒரு வார்த்தை. நல்ல ஷாக் செட் வாங்கற காசுக்கு பேர் தெரியாத காயில்ஓவர் கெடைக்குதுன்னா ஷாக்கையே வாங்குங்க. சீல் போச்சுன்னா ரீபில்ட் பண்ண எங்க அனுப்பணும், எத்தனை வாரம் ஆகும், அதுவரைக்கும் வண்டி எதுல ஓடும்னு விக்கிறவங்ககிட்ட கேளுங்க, பதில் வரலன்னா வேணாம். கழட்டின ஸ்டாக் செட்டையும் பத்திரமா வெச்சிருங்க.

## பின்னாடி ஆன்டி ரோல் பார்

கம்மி காசுல அதிகம் தெரியற மாத்தம் இது. விர்டஸ், போலோ, ஐ20 எல்லாமே முன் சக்கர டிரைவ், பின்னாடி டார்ஷன் பீம் (ரெண்டு பின் வீலையும் இணைக்கற முறுக்கற உத்தரம்). ஸ்டாக்ல இருந்தே வேணும்னே முன்னாடி நழுவற மாதிரிதான், அதாவது அண்டர்ஸ்டியர் ஆகற மாதிரிதான் செட் பண்ணியிருப்பாங்க, பாதுகாப்புக்காக. பின்னாடி பார் போட்டா பின்பக்கம் சாய்வை அதிகமா எடுத்துக்கும், முன் டயருக்கு சுமை கொறையும், மூக்கு உள்ள திரும்பும். ஏற்காடு ஹேர்பின்ல இது தெரியற மாதிரி வேற எதுவும் தெரியாது.

பாரோட கெட்டித்தனம் விட்டத்தோட நாலாம் அடுக்குல ஏறும். 20 மி.மீ. பாருக்கு பதிலா 22 போட்டா 10 சதவீதம் இல்ல, 46 சதவீதம் கூடும். அதனால "இன்னும் ஒரு சைஸ் பெருசா"ன்னு போகாதீங்க. நேரா ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறற ஸ்பீடு பிரேக்கர்ல பார் ஒண்ணும் பண்ணாது, சுகம் அப்படியே இருக்கும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்துல விழுந்தா அடுத்த பக்கத்தையும் இழுக்கும், தலை பக்கவாட்டுல ஆடும், நம்ம ரோட்டுல அது கொஞ்சம் அடிக்கடி நடக்கும்.

கவலைப்பட வேண்டியது மழை. ஈரத்துல வளைவுக்கு நடுவுல பயந்து ஆக்ஸிலரேட்டர திடீர்னு விட்டா பின்பக்கம் லேசாகும், பெரிய பார் இருந்தா சுத்தவும் வாய்ப்பு இருக்கு. வீட்டுல வேற யாராவது அந்த வண்டிய ஓட்டறாங்கன்னா, குறிப்பா புதுசா கத்துக்கிட்டவங்க, இதைப் போடாதீங்க. பின் டயர் பழசா இருந்தாலும் போடாதீங்க.

ஸ்ட்ரட் பிரேஸ், அந்த எஞ்சின் மேல குறுக்க போடற கம்பி, இப்ப வர்ற வண்டிங்கள்ல பாடியே போதுமான அளவு கெட்டி, டிராக்ல கூட வித்தியாசம் தேடித்தான் பாக்கணும். விட்டுடலாம்.

## ஒரே பார்வைல

விலை மாசத்துக்கு மாசம் மாறுது, யூரோ ஏறினா ஏறுது, அதனால ரூபாயா சொல்லாம பங்கா சொல்றேன். ஒரு நல்ல லோயரிங் ஸ்பிரிங் செட் 1 பங்குன்னு வெச்சுக்கிட்டு மத்தத சுமாரா பாருங்க, என் அனுபவத்துல.

| | சரி பண்றது + டயர் | ஸ்பிரிங் மட்டும் | நல்ல ஷாக் | ஷாக் + ஸ்பிரிங் | காயில்ஓவர் | பின் பார் |
|---|---|---|---|---|---|---|
| செலவு | 1–3 | 1 | 3–4 | 4–5 | 5–10 | 1 |
| மோசமான ரோட்டுப் பிடி | கூடும் | கொறையும் | நல்லா கூடும் | கூடும் | செட்டிங்கப் பொறுத்தது | லேசா கொறையும் |
| நாலு பேரு, லக்கேஜ் | பிரச்சனை இல்ல | தட்டும் | பிரச்சனை இல்ல | கவனமா | கஷ்டம் | பிரச்சனை இல்ல |
| உப்புக்காத்து | சாதாரணம் | சாதாரணம் | சாதாரணம் | சாதாரணம் | தனி கவனிப்பு வேணும் | பெயின்ட் பாக்கணும் |
| பழையபடி மாத்த | தேவை இல்ல | லேபர் உண்டு | லேபர் உண்டு | லேபர் உண்டு | லேபர் உண்டு | ரொம்ப ஈசி |

## சட்டமும் இன்சூரன்ஸும்

இதைப் படிக்காம யாரும் காசு போடாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு சொல்லுது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். பிஒய்-01 நம்பரா இருந்தாலும் டிஎன்-31 நம்பரா இருந்தாலும் ஒரே சட்டம்தான். ஸ்டாக் உயரத்துல ஷாக் மாத்தறது தேஞ்ச பார்ட்டுக்கு மாத்து போடறதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு, உயரத்த மாத்தறது அதைத் தாண்டி வேற வகை. நான் ஷாக் பக்கம் சாயறதுக்கு இதுவும் ஒரு காரணம். எதைப் போட்டாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொல்லி பதில் வாங்கி வெச்சுக்குங்க, கிளெய்ம் அன்னைக்கு சர்வேயர் வந்து கண்டுபிடிச்சா பேச்சே மாறிடும். வாரண்டில இருக்கற வண்டின்னா சர்வீஸ் சென்டர்லயும் முன்னாடியே கேட்டுடுங்க.

## மூணு பேருக்கும் நான் சொன்னது

முருங்கப்பாக்கம் அண்ணனுக்கு, மொதல்ல புஷ், மவுண்ட், லிங்க் ராட், டயர், அலைன்மென்ட். ஷாக் எப்படியும் மாத்தற நெலமைல இருக்கறதால பழைய வகையே போடாம, பார்ட் நம்பர் கெடைச்சா பி6 போடுங்கன்னேன், ஏன்னா லேபர் ஒண்ணுதான். ஸ்பிரிங்க தொட வேணாம்.

லாஸ்பேட்டை தம்பிக்கு டயர் மட்டும் மாத்திட்டு ஒரு மழைக்காலம் ஓட்டுங்கன்னு சொன்னேன். என் லைன் ஏற்கெனவே சாதாரண ஐ20-ய விட கெட்டியா செட் பண்ணித்தான் வருது, அவர் புகார் எல்லாமே டயர்ல இருந்து வர்றது மாதிரி எனக்குப் பட்டுச்சு. வீட்டுல தங்கச்சியும் அந்த வண்டிய ஓட்டறாங்க, பார் வேணாம்னுட்டேன்.

மஞ்சக்குப்பம் தம்பி இன்னும் மனசு எறங்கல. சரி, ஒரு தடவை ஸ்டாக் வண்டியோடயே டிராக் டே போயிட்டு வாங்க, நல்ல பிரேக் ஆயிலும் டயரும் மட்டும் போட்டு, வந்து அப்பவும் காயில்ஓவர்தான்னு சொன்னா நானே கூட வந்து மாட்டித் தரேன்னு சொல்லியிருக்கேன். நடுவுல பின் பார் போட ஆசைன்னா போடலாம், தனியா ஓட்டறாரு, நிதானமும் இருக்கு.

யாரு எதைப் போட்டாலும், பிரிக்கறதுக்கு முன்னாடி வண்டிய சமதரைல நிறுத்தி, நாலு பக்கமும் வீல் சென்டர்ல இருந்து ஃபெண்டர் ஓரம் வரைக்கும் டேப் வெச்சு அளந்து எழுதி வெச்சுக்குங்க, அலைன்மென்ட் ஷீட்டும் ஒண்ணு பிரின்ட் எடுத்துக்குங்க. டார்ஷன் பீம்ல பின்னாடி டோ, கேம்பர் (வீல் நிக்கிற கோணங்கள்) மாத்த முடியாது, ஷிம் (மெல்லிய தகடு) வெச்சாத்தான் உண்டு, அதனால பின்னாடி நம்பர் முன்னாடியே கோணலா இருந்துச்சான்னு தெரிஞ்சிருக்கணும். மாட்டினதுக்கு அப்புறம் 500 கிலோமீட்டர் ஓட்டி, ஸ்பிரிங் செட்டில் ஆனதும் திருப்பி அதே நாலு எடத்துல அளந்து, போல்ட் இறுக்கம் (டார்க்) ஒரு தடவை சரிபாத்து, அலைன்மென்ட் இன்னொரு தடவை எடுங்க. எறக்கின வண்டின்னா ஹெட்லைட் லெவலும் அன்னைக்கே பாத்துடுங்க, முன்னயும் பின்னயும் ஒரே அளவு எறங்காது, ராத்திரி ஈசிஆர்ல எதிர்ல வர்றவங்க கண்ணு கூசும்.